சந்தனப் பொட்டும் எட்டுக் கிலோ காத்தும்

எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு கேட்டு வந்த ஏழாவது ஆளு நீங்க, தம்பி. எங்கிருந்து வர்றீங்க? எடப்பாடியா? அவ்வளவு தூரம் போயிருச்சா என்ற பேரு! உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், பெயிண்டு காயல, பேண்ட்டு போயிரும். இப்படி இந்தப் பக்கம் உக்காருங்க.

"சங்ககிரியில அர்த்தநாரின்னு ஒருத்தரு, பழைய லாரிச் சாமானை வெச்சே ஒம்போதாயிரத்துல கம்ப்ரஸர் செஞ்சுட்டாரு." இப்படித்தான சொன்னாங்க? சொல்லியிருப்பாங்க. அந்தப் பேச்சைக் கெளப்பி உட்டதே நான்தானுங்க. டீக்கடை, சலூன், ரேஷன் கடை வரிசை, ஒரு எடம் பாக்கி வெக்கல. அதுக்கு அப்பறம் நடந்ததை மட்டும் யாருகிட்டயும் சொல்லல. அதனாலதான் நீங்க வேலையைக் கெடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்கறீங்க. டீ சொல்லியிருக்கறன், குடிச்சுக்கிட்டே கேளுங்க. கேட்டுட்டு அப்பறமும் வேணும்னா சொல்லுங்க.

நான் பெயிண்டருங்க. இருவத்திரெண்டு வருஷம் லாரிக்கு ஸ்ப்ரே அடிச்ச கை இது. நான் வேலை பாத்த செட்டை, அந்த மிஷினைச் செய்யறதுக்கு முந்தின பொங்கலோட மூடிட்டாங்க. என்ற மச்சினன் ஒருத்தன் இருக்கறான், குழந்தைவேலுன்னு, வூட்டுக்காரியோட தம்பி. பைபாஸ்ல பெரிய பெயிண்டிங் செட்டு வெச்சிருக்கறான், பதினாலு பேரு வேலை பாக்கறாங்க. அவனுக்கு ஸ்ப்ரே கன்னைக் கையில குடுத்து, இப்படிப் புடிடா, மணிக்கட்டை ஆட்டாதடான்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். நான் வேலை இல்லாம வூட்டுல குந்தியிருக்கறதைக் கேள்விப்பட்டு நேரா வந்தான். "மாமா, நம்ம செட்டுக்கு வந்துருங்க, மேப்பார்வை பாத்துக்கங்க"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் மணிக்கட்டைப் புடிச்சுச் சொல்லிக் குடுத்த பையன்கிட்ட நான் போய் சனிக்கெழமை சாயங்காலம் கையை நீட்டறதா? ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் என்ன பேசும்? செத்தாலும் அங்க போய் நிக்க மாட்டன்னு அன்னிக்கே மனசுல எழுதிட்டன். "சொந்தக் கடை போடறன் மாப்ளே"ன்னு சொல்லிட்டன். ஸ்கூட்டரு, பைக்கு டேங்கு, பீரோ, இந்த மாதிரி சில்லறை வேலை போதும், ஆனா யாருக்கும் கைகட்ட வேண்டியதில்ல. இந்தக் கடை ஓடுச்சுன்னா நான் நானு. ஓடலைன்னா குழந்தைவேலு செட்டுல கூலி. அவ்வளவுதான் என்ற கணக்கு.

கடை போடறதுக்கு என்ன வேணும்? ஒரு கொட்டாய் வேணும், அது அடுப்படிக்கு ஒட்டுனாப்புல மாட்டுக் கொட்டாயா இருந்தது இருக்குது. ஸ்ப்ரே கன்னு இருக்குது. காத்து வேணும். காத்து இல்லாம ஸ்ப்ரே பெயிண்டரு என்ன பண்ணுவான், வாயிலயா ஊதுவான்? சேலத்துல போய்ப் புதுக் கம்ப்ரஸரு வெலை கேட்டன். முப்பத்தெட்டாயிரம்னான். நான் வெச்சிருந்தது பதினொண்ணு. அந்தக் கடைக்காரன் குடுத்த தண்ணியை மட்டும் குடிச்சுட்டு வந்துட்டன்.

இது எப்படியோ குழந்தைவேலுக்குத் தெரிஞ்சு போச்சு. போன் பண்ணி, "மாமா, நம்ம செட்டுல பழைய கம்ப்ரஸரு ஒண்ணு மூலையில சும்மா கெடக்குது, எடுத்துக்கங்க, காசு பணம் அப்பறம் பாத்துக்கலாம்"னான். நல்ல மனசோடதான் சொன்னான். இப்பத் தெரியுது. அப்ப எனக்கு எப்படிக் கேட்டுச்சு தெரியுங்களா? சும்மா கெடக்கறதைத் தூக்கி எனக்குப் போடறான்னு கேட்டுச்சு. "வேண்டாம் மாப்ளே, நானே செஞ்சுக்கறன்"னுட்டன். வாய் போன போக்குல வந்த வார்த்தைங்க அது. கம்ப்ரஸரை எப்படிச் செய்யறதுன்னு எனக்கு எள்ளளவும் தெரியாது.

நீங்க போன்ல வீடியோ பாத்தீங்களா? பாத்திருப்பீங்க. நானும் பாத்தன். ஒரு வெள்ளைக்காரப் பையன் பளபளன்னு சாமானை மேசைமேல அடுக்கி வெச்சுக்கிட்டு, பத்து நிமிஷத்துல செஞ்சு முடிச்சுட்டு சிரிக்கறான். எனக்கு ஏழு வாரம் ஆச்சு. நான் சிரிக்கல.

ஆனா ஒண்ணு, எங்க ஊர்ல லாரிச் சாமானுக்குப் பஞ்சமே இல்லீங்க. லாரி பிரேக்குக்குக் காத்துதான வேணும்? அதுக்கு எஞ்சின்லயே சின்னக் கம்ப்ரஸர் ஒண்ணு இருக்கும், காத்தைச் சேத்து வெக்கறதுக்கு அடியில ஒரு டேங்கு இருக்கும். ரெண்டையும் பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கிட்டன். டேங்கைத் தட்டிப் பாத்தன், கணீர்னுச்சு. உள்ள துரு புடிச்சிருக்கான்னு தட்டிப் பாத்தா தெரியுங்களா? பானை வாங்கற பொம்பளைங்க தட்டுவாங்களே, அந்த ஞாபகத்துல தட்டுனன்.

அந்தக் கம்ப்ரஸரு லாரியில இருக்கறப்ப எஞ்சின்ல இருந்து அதுக்கு ஆயில் வந்துட்டே இருக்கும். இங்க எஞ்சினுக்கு எங்க போறது? தெருமுனையில ஒரு நர்ஸம்மா இருக்கறாங்க. அவங்ககிட்டக் கேட்டு காலி குளுக்கோஸ் பாட்டிலும் குழாயும் வாங்கியாந்து, மேல ஆணியில மாட்டி, ஆயிலை ஊத்தி, சொட்டுச் சொட்டா இறங்கற மாதிரி வெச்சன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கற கேஸு மாதிரியே இருந்துச்சு என்ற மிஷினு. பாக்க வந்தவங்க பாதிப்பேரு ஒடம்புக்கு என்னான்னுதான் கேட்டாங்க.

மீட்டரு ஒண்ணு வாங்குனன், காத்து எவ்வளவு ஏறியிருக்குதுன்னு காட்டறது. அது எப்பவும் எட்டுக் கிலோவுலயே நிக்கும். மிஷினு ஓடுனாலும் எட்டு, நின்னாலும் எட்டு. சாமானெல்லாம் கம்பெனிச் சாமான், முள்ளு அசையுதா பாருன்னு பெருமை பேசிக்கிட்டிருந்தன்.

கடைசியா மோட்டாரு. ஒரு குதிரைச் சக்தி வேணும். கையில இருந்த காசெல்லாம் இரும்புக் கடைக்கே போயிருச்சு. எங்கூட்டுல ஒரு மோட்டாரு இருந்துச்சுங்க. என்ற வூட்டுக்காரி வளர்மதி, பெரிய கிரைண்டர் வெச்சு தோசை மாவு ஆட்டி வித்துக்கிட்டிருந்தா. தெனமும் அம்பது வூட்டுக்கு மாவு போகும். அவ மாவு புளிச்சுப் போச்சுன்னு ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்ல. "அம்மிணி, ரெண்டே ரெண்டு மாசத்துக்கு அந்த மோட்டாரைக் குடு, கடை ஓட ஆரம்பிச்சதும் புதுசே வாங்கிப் போட்டர்றன்"னு கேட்டன்.

அவ என்னைப் பாத்தா. கிரைண்டரைப் பாத்தா. ஒண்ணுஞ் சொல்லல. கல்லைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, நட்டைக் கழட்டறதுக்கு ஸ்பேனரு எடுத்துக் குடுத்தா. மாவு ஆட்டி ஆட்டி அவளுக்கும் சலிச்சுப் போயிருக்கும், நாலு நாளு ஓய்வா இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டன். அப்படித்தானுங்க நெனச்சன், பொய் சொல்லல.

மொத நாளு சுவிட்சைப் போட்டன் பாருங்க. மிஷினு நடந்துச்சு! நெசமாத்தானுங்க, தரையில போல்ட்டுப் போட்டு இறுக்கோணும்கற நெனப்பே எனக்கு வரல. தடதடதடன்னு ஆடிக்கிட்டே வாசல் வரைக்கும் போயிருச்சு. ஒயரு எட்டாததுனால நின்னுச்சு, இல்லாட்டி பைபாஸைப் புடிச்சிருக்கும். நான் கோழி புடிக்கறவனாட்டம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடறன். வளர்மதி அடுப்படிச் சுவத்துல இருந்த சுவிட்சை அணைச்சா. அதுதான் ஆரம்பம். அன்னையில இருந்து சுவிட்சு அவ கைக்குப் போயிருச்சு.

மொத வேலை ஒரு கணக்கு வாத்தியாரோட ஸ்கூட்டரு. மயில் கழுத்து நீலம் கேட்டாரு. குளுக்கோஸ் பாட்டில் ஆயிலு இருக்குது பாருங்க, அது டேங்குக்குள்ள போயி, காத்தோட சேந்து, கன்னு வழியா வந்து, வண்டி பூராவும் பொட்டுப் பொட்டா குழி உழுந்துருச்சு. அம்மை வாத்த மாதிரி. வாத்தியாரு வந்து பாத்தாரு. "இது இப்பத்த ஃபேஷனுங்க சார், மழைத்துளி டிசைனு"ன்னன். அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு, "எடது பக்கம் மட்டும் நூத்தி நாப்பது துளி இருக்குதுங்க அர்த்தநாரி, வலது பக்கம் எண்ணோணுமா?"ன்னாரு. தேச்சு எடுத்து மூணு தடவை அடிச்சன். மூணாந் தடவை லாரி ஃபில்டரு ரெண்டை வரிசையா மாட்டுனதுக்கு அப்பறந்தான் நீலம் நீலமா வந்துச்சு.

அப்பறம் மெல்ல மெல்ல ஓட ஆரம்பிச்சுருச்சுங்க. மிஷினு ஓடுனா பக்கத்து வூட்டு ட்யூப்லைட்டு கண்ணடிக்கும், அந்தக்கா சீரியலு பாக்க முடியலைன்னு சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து என்னையத் திட்டும். ஆனா வேலை வந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு வண்டி, மூணு வண்டி. வர்றவங்க பாதிப்பேரு "குழந்தைவேலு செட்டுல சொன்னாங்க"ன்னுதான் வருவாங்க. நான் என்ன நெனச்சன் தெரியுங்களா? பதினாலு பேரை வெச்சிருக்கறான், அவனாலயே முடியாத நெகாசு வேலைய எனக்கு அனுப்பறான்னு நெனச்சன். அதையும் டீக்கடையில சொன்னன். அட கெரகமே, எவ்வளவு பேசியிருக்கறன் பாருங்க!

ஒரு நாளு அவனே வந்தான். மிஷினைச் சுத்திச் சுத்திப் பாத்தான். குளுக்கோஸ் பாட்டிலைப் பாத்துட்டுச் சிரிப்பை அடக்கிக்கிட்டான், அது எனக்குத் தெரிஞ்சுது. டேங்கைத் தொட்டுப் பாத்தவன் சிரிப்பை உட்டுட்டான். "மாமா, இதுல சேஃப்டி வால்வு இருக்குதுங்களா?"ன்னு கேட்டான். அது என்னான்னா தம்பி, எட்டுக் கிலோ காத்து ஏறுனா மோட்டாரு தானா நிக்கறதுக்கு ஒரு ஆட்டோ சுவிட்சு இருக்கும். ஒரு வேளை அது நிக்கலைன்னா, மேல இந்த வால்வு தொறந்து காத்தை வெளிய உட்டுரும். உசிரைக் காக்கறது அதுதான். எங்கிட்ட அது இல்ல. "அதெல்லாம் இருக்குது மாப்ளே, எனக்குத் தெரியாததா"ன்னன். அவன் நேரா அக்காகிட்டப் போயி தண்ணி வாங்கிக் குடிச்சான், போயிட்டான். அடுத்த நாளு காலையில வளர்மதி ஒரு புது வால்வைக் கொண்டாந்து எங்கையில குடுத்தா. "தம்பி குடுத்துட்டுப் போச்சுங்க. மாட்டுங்க." அவ்வளவுதான் சொன்னா. அவ அப்படி நிக்கறப்ப மாட்டாம இருக்க முடியல. டேங்கு உச்சியில மாட்டுனன், முனகிக்கிட்டே.

மிஷினு ஓடுன ஏழு மாசமும் வளர்மதி எங்கயும் போகலீங்க. இதை நான் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சன். அடுப்படிச் சுவத்துல, சுவிட்சுக்குக் கீழ, ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா. மிஷினு ஓடற வரைக்கும் அங்கதான். வெங்காயம் உரிக்கறதும் அங்க, முருங்கைக்கீரை ஆயறதும் அங்க. குமாரபாளையத்துல அவ தங்கச்சி வூட்டுல புதுமனை புகுவிழா, போகல. குழந்தைவேலு மகனுக்குக் காதுகுத்து, அத்தைக்காரி இவ, சீரு எடுத்துக்கிட்டு முன்னால நடக்க வேண்டியவ, போகல. தட்டை மட்டும் என்னையக் கொண்டு போகச் சொல்லிட்டா. அன்னிக்கு மிஷினு ஓடலீங்களான்னு கேக்கறீங்களா? கடைய மூடிட்டுப் போனாலும் நான் பாதியில ஓடியாந்து போட்டுருவன்னு அவளுக்குத் தெரியும். அப்படித்தான் ஆச்சு, தட்டை வெச்சுட்டு ஒரு வாய் சோத்தைத் தின்னுட்டு மத்தியானமே வந்து ஒரு டேங்குக்குக் கலரு அடிச்சன். ஊர்ல கேட்டவங்ககிட்ட, "அவளுக்கு வூடுதானுங்க கோயிலு, தொழில்ல எனக்குச் சமமா நிக்கறா"ன்னன். அந்த மிஷினு மேல அவளுக்கு அவ்வளவு பாசம்னு நெனச்சன் தம்பி. சிரிங்க, சிரிங்க. நானே சிரிக்கறன்.

ஆயுத பூஜை வந்துச்சு. சொந்தக் கடையில மொத ஆயுத பூஜை. இருவத்திரெண்டு வருஷம் அடுத்தவன் மிஷினுக்குப் பொட்டு வெச்சவன் நான், இப்ப என்ற மிஷினுக்கு நானே வெக்கப் போறன். பெட்டியில இருந்து வேட்டிய எடுத்துக் கட்டிக்கிட்டன். கொட்டாயைக் கழுவி, மாவெலைத் தோரணம் கட்டி, பொரி கடலை வாங்கி, பூசணிக்காய் வாங்கி, ஒரு கொறையும் வெக்கல. சந்தனத்தைக் கெட்டியாக் கொழச்சன். பொட்டு எங்க வெக்கோணும்? நெத்தியில. மிஷினுக்கு நெத்தி எது? உச்சியில இருக்கறது. உச்சியில என்ன இருந்துச்சு? ஆமாங்க. அந்த வால்வு. அதுமேலயே அப்புனன், ரெண்டு வெரலு தடிமனுக்கு. நடுவுல குங்குமம்.

பாக்கறதுக்கு அத்தனை லட்சணமா இருந்துச்சுங்க. எனக்கு ஆசை அடங்கல. ரெண்டு நாள்ல காஞ்சு உதிந்து போயிருமே, வருஷம் பூரா இப்படியே இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு. நான் யாரு? பெயிண்டரு. காருக்குக் கலரு அடிச்சு முடிச்சுட்டு மேல க்ளியர் கோட்டு அடிப்போம், கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, சுத்தியல்ல தட்டுனாலும் லேசுல பேராது. கன்னை எடுத்தன். பொட்டு மேல க்ளியர் கோட்டு அடிச்சன். ஒரு கோட்டு போதும், நான் ரெண்டு கோட்டு அடிச்சன். அந்த மிஷினு குடுத்த காத்தை வெச்சே அந்த மிஷினோட மூக்கை அடைச்சுட்டன் தம்பி.

பதினோரு நாளு ஒண்ணும் ஆகல. தீவாளிக்கு முன்னால குடுக்க வேண்டிய வண்டிங்க நாலு நின்னுச்சு. அன்னிக்குக் காலையில ஒரு பத்து மணி இருக்கும், மிஷினை ஓட உட்டுட்டு நான் கலரு கலக்கிக்கிட்டிருந்தன். காத்து ரொம்பி ஆட்டோ சுவிட்சுல நிக்கோணும், நிக்கல. அந்தச் சுவிட்சும் பழைய இரும்புக் கடைச் சாமான்தான், ஒட்டிக்கிச்சு. எனக்குக் காதுல உழுகல, கலரு கலக்கறப்ப எனக்கு எதுவும் காதுல உழுகாது. வளர்மதி ஓடியாந்தா. "ஏனுங்க, மோட்டாரு சத்தம் மாறிப் போச்சுங்க, முக்குது, நிக்கவே மாட்டேங்குது."

நான் மீட்டரைப் பாத்தன். எட்டு. "எட்டுலதான நிக்குது, போ அம்மிணி"ன்னன்.

"அது எப்பவும் எட்டுலதானுங்க நிக்குது!"

"எல்லாம் எனக்குத் தெரியும், போ."

போனா. போயி சுவிட்சை அணைச்சா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என்ற கடையில, என்ற மிஷினை, நான் சொல்லச் சொல்ல அணைக்கறதுன்னா? "எதுக்குடி அணைச்சே?"ன்னு கத்திக்கிட்டே போறன். அவ நிக்கல. அடுப்படிய உட்டு வாசலுக்கு வந்தா, வாசல்ல இருந்து கேட்டுக்குப் போனா, கேட்டைத் தொறந்துக்கிட்டு தெருவுக்கே போயிட்டா. நான் கலர்க்குச்சியக் கையில வெச்சுக்கிட்டு அவ பின்னாலயே கத்திக்கிட்டுப் போறன். சண்டையின்னா பதிலு பேசோணுமா இல்லையா? இவ பேசாமயே நடக்கறா. அதுல எனக்கு இன்னும் ஆத்திரம். புளியமரத்தைத் தாண்டறோம், பின்னால பொளேர்னு ஒரு சத்தம்.

நான் லாரி டயரு வெடிச்சுத்தான் கேட்டிருக்கறன். இது அது இல்ல. காது ரெண்டும் அடைச்சுப் போயி, தெருவே ஊமையாட்டம் ஆயிருச்சு. திரும்பிப் பாத்தா கொட்டாய்க் கூரை அட்டை எதுவும் இல்ல. டேங்கோட ஒரு பக்க மூடி பிச்சுக்கிட்டு, அடுப்படிச் சுவத்தைத் தொளச்சுக்கிட்டு உள்ள போயிருந்துச்சு. போயி எங்க நின்னுச்சுன்னு கேளுங்க. அவ உக்கார்ற ஸ்டூலு நாலா ஒடஞ்சு கெடந்துச்சு, அதுமேல கெடந்துச்சு அந்த மூடி.

தெருசனம் பூரா வந்துருச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்குப் பாதி கேக்குது, பாதி கேக்கல. நான் குனிஞ்சு பாத்தன் தம்பி. துருப் புடிச்ச டேங்கு, மோட்டாரு நின்னதுக்கு அப்பறமும் காத்துக்குப் போக வழியில்லாம கிழிஞ்சு கெடக்குது, வால்வு அதுலயே இருக்குது, என்ற பொட்டு ஒரு துளி உதிரல. பளபளன்னு மின்னுது. என்ற வேலை அந்த மாதிரி.

எல்லாரும் போனதுக்கு அப்பறம் அவ கேட்டுக்கிட்ட இருக்கற துணி தொவைக்கற கல்லு மேல வந்து உக்காந்தா. நான் எதுக்கால நின்னன். இப்பத் திட்டப் போறா, திட்டட்டும், ஏழு மாசத்துக்கும் சேத்துத் திட்டட்டும்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னன். அவ மெதுவாக் கேட்டா.

"ஏனுங்க, இனி நான் எங்கியாச்சும் போயிட்டு வரலாமுங்களா?"

எனக்குப் புரியல. "எங்க போகோணும்?"

"எங்கியாச்சும்"னா.

அப்பத்தான் தம்பி எனக்கு ஒறைச்சுது. வூடு கோயிலுமில்ல, மிஷினு மேல பாசமுமில்ல. அது வெடிக்கும்னு மொத நாள்ல இருந்தே அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. சொன்னா நான் கேக்க மாட்டன்னும் தெரிஞ்சிருக்குது. அதனால ஏழு மாசம், தெனமும், கீரையை மடியில வெச்சுக்கிட்டு என்ற உசுருக்குக் காவலு உக்காந்திருக்கறா. அந்த மூடி வந்து உழுந்த எடத்துல. தங்கச்சி வூட்டு விசேஷத்துக்குப் போகாம, தம்பி மகனைத் தூக்கிக் கொஞ்சாம. அன்னிக்கு வாயே தொறக்காம தெருவுக்கு நடந்ததும் என்னைய வெளிய இழுத்துட்டுப் போகத்தான். நான் டீக்கடையில பேசிக்கிட்டு இருந்திருக்கறன். அழுதுட்டனுங்க. நாப்பத்தியேழு வயசுல தெருக் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு, கையில நீலக் கலரு குச்சியோட, சின்னப் புள்ளையாட்டம் அழுதன். பக்கத்து வூட்டக்கா எட்டிப் பாத்துட்டு மொத தடவையா திட்டாம போயிருச்சு.

அன்னிக்கு மத்தியானமே குழந்தைவேலு செட்டுக்கு நடந்து போனன். பதினாலு பேரும் வேலைய உட்டுட்டு என்னையப் பாக்கறாங்க, கூரை அட்டைத் தூசி தலையெல்லாம் வெள்ளையா இருக்குது. அவனுக்குச் சேதி முன்னாடியே போயிருச்சு, வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டுக் கெளம்பி நிக்கறான், மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது. "அக்கா?"ன்னான். "நல்லாருக்கறா. ஒரு கீறலில்ல"ன்னன். ட்ரம்மு மேல பொத்துன்னு உக்காந்துட்டான்.  அப்பறம் நானே கேட்டன். "மாப்ளே, வேலைக்கு எடுத்துக்கறியா?"

ஏழு மாசம் பயந்தனே, அந்த வார்த்தை வாயில வந்தா மானமே போயிரும்னு. சொல்லி முடிச்சன். ஒண்ணும் ஆகல. வானம் அங்கயேதான் இருந்துச்சு. அவன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "நாளைக்கே வாங்க மாமா, உங்க கன்னை எடுத்துட்டு வாங்க, இங்க இருக்கற கன்னெல்லாம் ஓட்டை"ன்னான்.

இப்ப வாரத்துல அஞ்சு நாளு அங்கதானுங்க. நான் நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்த அவமானம், போயிப் பாத்தா, காலையில பதினொரு மணிக்கு டீயும் வடையும் குடுக்குது. சனியும் ஞாயிறும் இங்க இந்தச் சில்லறை வேலை, கன்னுக்குக் காத்து குழந்தைவேலு குடுத்த அந்தப் பழைய கம்ப்ரஸருதான். மூலையில சும்மா கெடந்துச்சுன்னானே, அதேதான். அருமையா ஓடுது, எடத்தை உட்டு நடக்கறதில்ல. மோட்டாரைக் கழுவித் தொடச்சுக் கிரைண்டர்ல மாட்டிக் குடுத்துட்டன், அம்பது வூட்டுல முப்பது வூடு திரும்பி வந்துருச்சு. அவ இப்பக் குமாரபாளையத்துல இருக்கறா, தங்கச்சி வூட்டுல. போயி ஒம்போது நாளாச்சு. ரெண்டு நாள்ல வர்றன்னுதான் போனா. எப்ப வர்றே அம்மிணின்னு நான் கேக்கல. கேக்கறதுக்கு எனக்கு மொகமில்லீங்க.

அதனால தம்பி, மிஷினு செஞ்சு தர மாட்டன். கோவிச்சுக்காதீங்க. எவ்வளவு வெச்சிருக்கறீங்க? பன்னெண்டா? என்னையவிட ஆயிரம் எச்சாத்தான் வெச்சிருக்கறீங்க. திங்கக்கெழமை காலையில பைபாஸ் செட்டுக்கு வாங்க. ஓடுன மிஷினு ரெண்டு மூணு வரும், குழந்தைவேலு டேங்கைச் சோதனை போட்டுப் பாத்துத்தான் குடுப்பான். பாக்கிய மெல்லத் தரலாம்னு நானே அவன்கிட்டச் சொல்றன். அர்த்தநாரி அனுப்பிச்சாருன்னு சொல்லுங்க, தைரியமாச் சொல்லுங்க.

இன்னும் யோசிக்கறீங்க. தெரியுது. சாமானெல்லாம் ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? டேங்கு கூடவா? தட்டிப் பாத்தீங்களா? கணீர்னுச்சா? அட தம்பி...

கல்யாணம் ஆயிருச்சுங்களா? சரி. மிஷினை எங்க வெக்கப் போறீங்க? வூட்டுக்குப் பின்னாலயா. வூட்டுக்காரம்மாகிட்டச் சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?

ஒண்ணுஞ் சொல்லலையா?

எந்திரிங்க தம்பி. டீ கெடக்கட்டும், அப்பறம் குடிக்கலாம். அவங்களுக்கு மொதல்ல ஒரு போன் போடுங்க. ஒண்ணுஞ் சொல்லலைங்கறீங்க பாருங்க, அதைக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்குது.